பின்வரிசை நாற்காலிகள்

மின்நிலையக் குடியிருப்பு, நீலகிரி
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வரதன் எழுதுவது. இங்கே நான், அகல்யா, பாப்பா மூவரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து உன் நம்பருக்குப் போன் போடுகிறேன். இங்கே சிக்னல் கிடைக்கத் தவம் இருக்க வேண்டும். தவம் பலித்தால் எடுப்பது மாமா. "வணக்கம், ஒம்பதாவது வார்டு கவுன்சிலர்" என்கிறார். நான் வரதன் என்றால், "அட மாப்ளே, இன்னா விசேஷம்? உங்க அக்கா அடுப்பாண்ட கீது, அப்பால பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்பால் இன்னும் வரவில்லை. போன் உன் பெயரில் வாங்கியது. சுவரொட்டியில் உன் படத்துக்குக் கீழே அச்சடித்த நம்பர். தேர்தலில் ஜெயித்தது நீயா அவரா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

தபால்காரர் மாமாவிடம் சிக்கமாட்டார் என்று நம்பி இதை அனுப்புகிறேன். பேரூராட்சியில் என்னதான் செய்கிறாய் என்று எழுது. அகல்யா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தன் அண்ணனான மாமாவையும்தான்.

அன்புத் தம்பி,
வரதன்

*

ஏரிமேடு, வேப்பம்பட்டு வழி
27.6.2024

அன்பு வரதா,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று படித்து மனசு நிறைந்தது. முழங்கால் நின்றால் வலிக்கிறது, உட்கார்ந்தால் வலிக்கவில்லை. பேரூராட்சியில் உட்காரத்தான் விடுகிறார்கள், அதனால் குறையில்லை.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேள். பதினைந்து உறுப்பினர்களில் நாங்கள் எட்டுப் பேர் பெண்கள். சுவரோரமாக ஒரே வரிசையில் உட்காருவோம். எங்களுக்குப் பின்னால் எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆறில் கணவர்கள், ஒன்றில் மாமனார், ஒன்றில் மகன். எந்தச் சட்டத்திலும் அந்த நாற்காலிகள் கிடையாது, ஆனால் காப்பி முதலில் அங்கேதான் போகும். தலைவர் தீர்மானத்தைப் படித்ததும் பின்னால் செருமல் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நாற்காலிக் காலைச் செருப்பால் தட்டினால் தூக்கக் கூடாது. இரண்டரை வருஷத்தில் நான் ஒருமுறைகூடத் தப்பாகத் தூக்கியதில்லை.

இப்போது புதிதாக ஒன்று. சிறந்த பேரூராட்சி என்று ஏதோ ஒரு சங்கம் கேடயம் கொடுக்கிறதாம். அதற்கு விண்ணப்பிக்க, உறுப்பினர்களின் நடத்தையைக் கவனிக்க ஓர் ஒழுங்குநெறிக் குழு இருக்க வேண்டுமாம். தலைவர் சத்தியராஜுக்குக் கேடயத்தின் மேல் ஆசை. உறுப்பினர்கள் மூன்று பேர், பொதுமக்கள் இரண்டு பேர் என்று குழு போட்டார்கள். பொதுமக்களில் ஒருவர் ஓய்வுபெற்ற செலின் டீச்சர். இன்னொருவர் ஏரிக்கரை அடுக்குமாடியில் இருக்கும் அபிஷேக், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். குழுவுக்குத் தலைமை யார் என்றபோது சத்தியராஜ், "அதிகம் பேசாத அம்மாவா பாத்துப் போடுங்கப்பா" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் உன் மாமா செருமினார். கையைத் தூக்கினேன்.

அகல்யாவுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
சரசா

*

நீலகிரி
14.7.2024

ஒழுங்குநெறித் தலைவி அக்காவுக்கு,

வரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் குளிரும், மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஒரு பழமொழி இருப்பது உங்கள் தலைவருக்குத் தெரியாது போல. கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ சட்டைகளைச் சோதித்து ஒதுக்கித் தள்ளியதை அவர் பார்த்திருக்க வேண்டும். சூப்பர்வைசரே உன் மேசைப் பக்கம் வரப் பயப்படுவார்.

என்ன விதிகள் போடப் போகிறாய்? அகல்யாவும் கேட்டுச் சிரித்தாள். எதற்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யச் சொல்கிறாள்.

தம்பி,
வரதன்

*

ஏரிமேடு
1.9.2024

அன்பு வரதா,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

செலின் டீச்சர் வீட்டில் நான்கு ஞாயிறு உட்கார்ந்து விதிகளை எழுதினோம். அபிஷேக் முதல் நாளே ஒரு தலையணை பருமனுக்கு அச்சடித்துக் கொண்டுவந்தார். ஏதோ வெளிநாட்டு ஊரின் விதிகள். அதில் உறுப்பினர்கள் மான் வேட்டைக்கு இலவச அனுமதி வாங்கக் கூடாது என்று இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, நம்ம ஏரில கொக்கே வர மாட்டேங்குது, நீ மானுக்குப் போயிட்ட. இந்த ஊர்ல இன்னா தப்பு நடக்குதோ அத்த எழுதுவோம்" என்றார்கள். கடைசியில் மூன்றாவது வார்டு மங்களம், பின்னால் மாமனார் உட்காருகிறாரே அவள்தான், மெதுவாக, "அந்த நாற்காலிங்க" என்றாள்.

ஏழு விதிகள் ஆயின. ஐந்தாவது விதி இது: "கூட்ட அரங்கில் உறுப்பினரின் இருக்கைக்குப் பின்னால் யாரும் அமரக் கூடாது. உறுப்பினர் சார்பாக வேறு எவரும் பேசவோ, கையெழுத்திடவோ, தொலைபேசியில் ஆணையிடவோ கூடாது."

சென்ற வாரம் கூட்டத்தில் அது கடைசிப் பொருளாக வந்தது. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. வாசனை மண்டபம் முழுக்கப் பரவி, பின்வரிசையில் எல்லோரும் நெளிகிறார்கள். உன் மாமா என் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஏழு விதிகளையும் மூச்சு விடாமல் படித்தேன். எதையும் விழுங்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. நிறைவேற்றலாமா என்று தலைவர் கேட்டதும் பின்னால் ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் செருமினார்கள். எட்டுக் கைகள் உயர்ந்தன. பதினைந்தில் எட்டு, பெரும்பான்மை. தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு பிரியாணிக்கு எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து நகலைப் படித்துவிட்டு உன் மாமா, "இன்னாடி இது, கூடவே கீற, ஒரு வார்த்த சொல்லல?" என்றார். "நீங்கதானே செருமுனீங்க" என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது வரதா. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உன் அக்கா,
சரசா

*

நீலகிரி
20.9.2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நம்முடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. உன்னை மாமாவுக்குக் கொடுத்தோம், மாமாவின் தங்கையை நான் கட்டினேன். அங்கே நீ ஒரு தட்டு உடைத்தால் சத்தம் இங்கே கேட்கும். மாமா கெட்டவர் இல்லை, ரோஷக்காரர். எட்டுப் பேர் நடுவில் அவரை எழுப்பிவிட்டது போல் ஆகிவிட்டது.

அகல்யாவின் முகமே வாடிவிட்டது. "அண்ணி இப்படிச் செய்யலாமா" என்றாள். இனி கொஞ்சம் விட்டுப் பிடி, அக்கா.

தம்பி,
வரதன்

*

ஏரிமேடு
3.12.2024

வரதா,

எல்லோரும் நலமாக இருங்கள். மழையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

புயல் மழையில் ஏரி வழிந்து ஏரிக்கரைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பேரூராட்சியிடம் தண்ணீர் இறைக்கும் பெரிய மோட்டார் ஒன்றுதான் உண்டு. அதை அந்தத் தெருவில் போட்டிருந்தார்கள். பாதியில் செயல் அலுவலருக்கு என் நம்பரிலிருந்து ஒரு செய்தி: "மோட்டாரை அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு மாற்றவும். சரசா, 9ஆவது வார்டு." மாற்றிவிட்டார்கள். அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடம் காய்ந்தது. தெருவில் கன்னியம்மா என்று ஒரு தையல்காரி இருக்கிறாள். அவள் வீட்டில் தண்ணீர் மேலும் இரண்டு நாள் நின்று, மெஷினும் அரிசி டிரம்மும் போயின.

அவள் ஒழுங்குநெறிக் குழுவில் புகார் கொடுத்துவிட்டாள். எங்கள் குழுவுக்கு வந்த முதல் புகார், என் மேல். நான் விசாரணையில் உட்கார முடியாது. தன் காரும் அங்கேதான் நின்றது என்று அபிஷேக்கும் தானாக விலகிக்கொண்டார். மிச்சம் மூன்று பேர் ஜனவரி ஆறாம் தேதி விசாரிக்கிறார்கள்.

நான் அனுப்பவில்லை என்றால், என் பெயரில் ஆணையிட்டது யார் என்று போலீசுக்கு எழுத வேண்டும். நான்தான் அனுப்பினேன் என்றால் எனக்கு ஒரு கண்டனம், குழுத் தலைமை போகும், அவ்வளவுதான். நேற்று சத்தியராஜ் வீட்டுக்கே வந்தார். "யம்மா, நாந்தான் அனுப்ச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டின்னா முட்ச்சிரும். ஊட்டு ஆம்பளய ஸ்டேசன்ல நிக்க வெப்பியா?" என்றார். உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. கன்னியம்மா என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அது தாங்கவில்லை.

சரசா

*

திருமதி தி. சரசா
உறுப்பினர், 9ஆவது வார்டு, ஏரிமேடு பேரூராட்சி
9.12.2024

அன்பு மாப்பிள்ளை வரதனுக்கு,

திருவேங்கடம் ஆசிகளுடன் எழுதுவது. அகல்யாவும் குழந்தையும் சௌக்கியம்தானே. என் சொந்தத் தாள் தீர்ந்துவிட்டதால் கவுன்சிலர் தாளில் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

இருபது வருஷம் கட்சிக்குப் பசை வாளி தூக்கியவன் நான். என் முறை வந்தபோது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் அக்காவை நிறுத்தினேன். வீடு வீடாகக் கும்பிட்டது யார்? வெயிலில் கறுத்தது யார்? ஓட்டு என் முகத்துக்கு விழுந்தது. ஒரு மோட்டாரை நகர்த்திவைக்க எனக்கு உரிமை இல்லையாம். அடுக்குமாடியில் முன்னூறு ஓட்டு, மாப்பிள்ளை. அதையும் யாராவது யோசிக்க வேண்டும் அல்லவா?

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் ஒரு பக்கம் ஒழுகினால் மறுபக்கம் நனையாமல் இருக்குமா? பொங்கலுக்கு அகல்யாவையும் பாப்பாவையும் நான் வந்து அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். எப்போது திருப்பி அனுப்புவது என்பதை உங்கள் அக்கா விசாரணையில் சொல்லும் பதிலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். நீங்கள் புத்தி சொன்னால் கேட்பாள்.

தங்கள்,
திருவேங்கடம்

*

நீலகிரி
14.12.2024

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மாமா எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துக்கொள். பாப்பாவுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அகல்யா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஒரே அழுகை. "அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் என் குடும்பம் பிழைக்கும்" என்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன்?

நியாயம் உன் பக்கம்தான், எனக்குத் தெரியாதா? ஒரு கண்டனம்தானே, காகிதத்தில் நாலு வரி. அகல்யாவுக்காகவாவது நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வரதன்

*

ஏரிமேடு
20.12.2024

அன்பு வரதனுக்கும் அகல்யாவுக்கும்,

குழந்தையைக் குளிரில் விடாதீர்கள்.

அகல்யா, நீ அழுகிறாய், சாப்பிடவில்லை என்று தம்பி எழுதியிருந்தான். சாப்பிடு. நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னால் உன் வீடு கலைய வேண்டாம்.

சரசா

*

நீலகிரி
27.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அகல்யா வணங்கி எழுதுவது. நான் நலம். பாப்பாவும் நலம். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அவர் டியூட்டியில் இருந்தார். உறையில் என் பெயரும் இருந்ததால் தபால்காரர் என் கையில் கொடுத்தார். படித்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அழுதது? எதை யார் அனுப்பியது? அவர் வந்ததும் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு ஜூனிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். தான் என் பெயரைச் சொல்லி எழுதியதையும், பொங்கலைப் பற்றி அண்ணன் எழுதியதையும் வாயால் சொன்னார். உங்கள் கடிதங்களை இரண்டு முறை படித்தேன்.

அண்ணி, நீங்கள் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் எனக்குச் சொன்னதில்லை. அண்ணனைக் கேட்டுச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் முகம் வாடவில்லை. அழவில்லை. உங்கள் நம்பருக்கு நான் கூப்பிட்டபோதெல்லாம், "உங்க அண்ணி வார்டு வேலையா பிஸி" என்று அண்ணன் சொன்னதை நம்பி, அண்ணிக்கு நம்மை மறந்துவிட்டது என்று உங்கள் மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இவரைக் கேட்டேன். "உன்கிட்ட சொல்லி உன்னை ஏன் கஷ்டப்படுத்தணும்னுதான். நீ இப்படித்தான் சொல்லியிருப்பே" என்கிறார். ஒருவேளை அப்படியே சொல்லியிருப்பேன் அண்ணி. பயந்துபோய், சொல்லிவிடுங்கள் என்று நானே உங்களிடம் அழுதிருக்கலாம். அதுதான் எனக்கு ஆத்திரம். அதைச் சொல்வதற்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது நானே சொல்கிறேன். பொங்கலுக்கு நான் வரவில்லை. மேட்டுக் கடைக்கு நடந்து போய், சிக்னல் பிடித்து, அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கத்தினார். நானும் கத்தினேன். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்காக என்று எதையும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதத்தை நானே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள்,
அகல்யா

*

ஏரிமேடு
11.1.2025

அன்புள்ள அகல்யாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருங்கள். என் முழங்கால் மோசமாகத்தான் இருக்கிறது. விசாரணையன்று வெகுநேரம் நின்றேன்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. படித்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. நான் நம்பிக் கடிதம் எழுதிய ஒரே ஆள் என் தம்பி. அவனும் உன் பெயரில் தன் பேச்சைப் பேசியிருக்கிறான் என்று தெரிந்ததும் அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. இவ்வளவு தூரத்தில் இருப்பது அவன் அதிர்ஷ்டம்.

ஆறாம் தேதி மண்டபம் நிறைந்திருந்தது. ஏரிக்கரைத் தெருவே வந்திருந்தது. செலின் டீச்சர், மங்களம், அதுவரை ஒருமுறைகூடக் குழுவுக்கு வராத இரண்டாவது வார்டுக்காரர், மூன்று பேரும் மேசைக்குப் பின்னால். உங்கள் அண்ணன் வாசல் கதவோரம் நின்றார். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டி, இதை அனுப்பியது நீங்களா என்று டீச்சர் கேட்டார்கள். சத்தியராஜ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நான் அனுப்பவில்லை. என் கணவர் அனுப்பினார். போன் அவரிடம்தான் இருக்கிறது. மோட்டார் மாறியது எனக்கு மறுநாள்தான் தெரியும்" என்றேன். குரல் நடுங்கியது. வார்த்தை ஒன்றும் மாறவில்லை.

உங்கள் அண்ணன் அங்கிருந்தே, "நான் இல்லன்னா இவ யாரு? கேளுங்க, இந்த ஊர்ல யாருக்குத் தெரியும் இவள?" என்று கத்தினார். அது உண்மையும்தான். அப்போதுதான் கன்னியம்மா எழுந்தாள். போலீசுக்கு எழுத வேண்டுமா என்று டீச்சர் அவளைக் கேட்டார்கள்.

"எனக்கு போலீசும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். இந்தம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அடுத்த மழக்கி யாரு சொன்னா மோட்டாரு வரும்? அத்த மட்டும் சொல்லச் சொல்லு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மூன்று வருஷமாக உட்கார்ந்தவள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் பேசிய முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். "நான் சொன்னா வரும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். போலீசுக்குப் போக வேண்டாம் என்று முடிவானது. என் பெயரைப் பிறர் உபயோகிக்க விட்டதற்கு எனக்கு ஒரு கண்டனம். அது சரிதான், வாங்கிக்கொண்டேன். போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. கேடயத்துக்கு விண்ணப்பிப்பதில்லை என்று சத்தியராஜ் தானாகவே சொல்லிவிட்டார்.

உங்கள் அண்ணன் துணிமணியோடு திருமுல்லைவாயிலில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். நேற்று வந்தார், சாப்பிட்டார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். இது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் காலையில் கன்னியம்மா வாசலில் நின்று, தெருவிளக்கு எரியவில்லை என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அக்கா என்ன எழுதியிருக்கிறாள் என்று வரதன் கேட்பான். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம்.

உன் அண்ணி,
சரசா